முதியோர் இல்லத்தில் இனவெறி: ஒரு கிறிஸ்தவ நர்ஸாக நான் பட்டதும் தெரிந்துகொண்டதும்

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, நர்சிங் படிப்பு, சென்னையில் சில வருட வேலை, அப்புறம் 2022இல் இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. கணவரும் மகளும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். அங்கே எனக்கு நடந்ததையும், அதை எதிர்த்து நின்றபோது போன பணத்தையும் தூக்கத்தையும் இங்கே எழுதுகிறேன். அந்த இல்லத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ சொல்லப் போவதில்லை. நான் விமானம் ஏறும்முன் யாராவது இதையெல்லாம் சொல்லியிருந்தால் பாதி வலி குறைந்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஜெபிக்கிற, வேதம் வாசிக்கிற, நல்ல மனசுள்ள ஆட்கள் இருக்கிற இடத்தில் இனவெறி எப்படி உட்கார்ந்துகொள்கிறது என்ற கேள்வி என்னை இரண்டு வருடம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

முதலில் நடந்தது சின்ன விஷயம் போலத்தான் இருந்தது. ஒரு பாட்டியின் மகன் வரவேற்பறையில் நின்று, "எங்கம்மாவுக்கு இவங்களை மாதிரி ஆட்கள் தொட்டா பிடிக்காது, வேற யாரையாவது அனுப்புங்க" என்றார். அந்தப் பாட்டிக்கு மறதி நோய். நான் போனால் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார். பிடிக்காதது யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். மேனேஜர் அவரிடம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "பிரச்சினை வேண்டாம்" என்று என்னை வேறு தளத்துக்கு மாற்றினார். அடுத்த மாதம் ரோட்டாவில், அதாவது பணி நேர அட்டவணையில், எனக்குத் தொடர்ந்து இரவுப் பணி வந்தது. கேட்டால், "பகலில் குடும்பத்தினர் வந்து போவார்கள், உனக்குத்தான் இது நல்லது" என்றார். ஒருவர் செய்த அவமதிப்பு அப்படியே இல்லத்தின் ஏற்பாடாக மாறிவிட்டது. பிறகு ஷிப்ட் மாறும்போது பணியை ஒப்படைக்கும் ஹேண்டோவர் நேரத்தில் ஒரு சீனியர் நர்ஸ் என் உச்சரிப்பை அப்படியே பேசிக் காட்டுவார், இரண்டு பேர் சிரிப்பார்கள். ஓய்வறையில் என் சாப்பாட்டு வாசனை பிடிக்காமல் ஜன்னலைத் திறந்துவைப்பார்கள். வெளியில் பூஜ்யம் டிகிரி இருந்தாலும் திறப்பார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மறதி நோய் உள்ளவர்கள் சொல்லும் வார்த்தைகளை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், அது நோய். ஆனால் அதைக் காரணம் காட்டி மேனேஜர் எடுக்கும் முடிவு நோய் அல்ல. அதை அன்றைக்கே எழுதிவையுங்கள். தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை அப்படியே ஆங்கிலத்தில். "மோசமாகப் பேசினார்" என்று எழுதினால் பின்னால் எதற்கும் உதவாது. எழுதியதை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவைத்தால் தேதிக்குச் சாட்சி இருக்கும். ஒரு எச்சரிக்கை: அதில் நோயாளிகளின் பெயரோ மருத்துவ விவரமோ இருக்கக் கூடாது. நோயாளி பற்றிய ரகசியத்தைக் காப்பது, நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சியின் விதி. அதை மீறினால் உங்கள் புகார் உங்கள் மேலேயே திரும்பும்.

என் விஷயம் முற்றியது மருந்துச் சீட்டில், அதாவது மருந்து கொடுத்ததும் நர்ஸ் கையெழுத்திடும் பதிவுத் தாளில். ஒரு பகல் ஷிப்டில் கையெழுத்து விடுபட்டிருந்தது. அந்த நேரத்தில் நான் பணியிலேயே இல்லை. இருந்தும் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் எனக்கு வந்தது. "இது என்எம்சி வரை போனால் உன் பதிவு எண்ணே போய்விடலாம்" என்று ஒரு பேச்சும் கூட வந்தது. வெளிநாட்டு நர்ஸுக்கு அந்த எண்தான் எல்லாம். வேலை, விசா, வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அதில் தொங்குகிறது. அன்று இரவு முழுக்க வயிறு எரிந்தது. தபால் வரும் சத்தம் கேட்டாலே கை நடுங்கும். டாக்டரிடம் போனேன், மன அழுத்தம் என்று விடுப்பு எழுதிக் கொடுத்தார். தனியார் இல்லத்தில் எங்களுக்கு நோய் விடுப்புக்குச் சட்டப்படியான குறைந்தபட்சத் தொகைதான், அப்போது வாரத்துக்கு 110 பவுண்டுக்கும் சற்றுக் குறைவு. வீட்டு வாடகையே மாதம் 750. வேலைக்குச் சேரும்போதே ஒப்பந்தத்தில் நோய் விடுப்புச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். ஏஜென்சிக்காரர்கள் சம்பளத்தைச் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் அழைத்து வந்த செலவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற ஷரத்தும் பல ஒப்பந்தங்களில் இருக்கும். எவ்வளவு, எத்தனை வருடம் என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

இப்போது சபை. நாங்கள் போய்க்கொண்டிருந்தது ஊரில் இருந்த ஆங்கிலிக்கன் ஆலயம், அதாவது இங்கிலாந்து திருச்சபையின் ஆலயம். சிஎஸ்ஐ என்ற தென்னிந்தியத் திருச்சபைப் பிள்ளைகளான எங்களுக்கு அந்த ஆராதனை முறை புதிதல்ல. அன்பாகத்தான் ஏற்றுக்கொண்டார்கள். மகளுக்குக் குளிர்கோட்டு வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள். அங்கே என் வேதபாடக் குழுவில் இருந்த ஒரு அம்மா என் இல்லத்திலேயே சீனியர் கேர் அசிஸ்டன்ட். பாட்டியின் மகன் பேசியபோது பக்கத்தில் நின்றவர் அவர். ஹேண்டோவரில் நடந்த கேலியையும் பார்த்தவர். என்னைத் தனியாகக் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார். நான் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்க முடிவு செய்து, "நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டேன். "நான் யார் பக்கமும் நிற்க விரும்பவில்லை, எல்லாருக்காகவும் ஜெபிக்கிறேன்" என்றார். மேனேஜர் செய்ததைவிட, கேலி செய்தவரைவிட, இதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அந்த வாரத்தில் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமில் யாக்கோபிடமிருந்து சில ஆட்கள் வந்ததும் "பயந்து, விலகிப் பிரிந்தான்" என்கிறது வேதம். பேதுருவுக்குத் தெரியாததா? யோப்பாவில் வானத்திலிருந்து இறங்கிய துப்பட்டியைத் தரிசனத்தில் பார்த்தவர் அவர். கொர்நேலியுவின் வீட்டில் நின்று, தேவன் பட்சபாதம் உள்ளவரல்ல என்று தன் வாயால் சொன்னவர் அவர். அறிவு இருந்தது, அனுபவம் இருந்தது, புறஜாதியார்மேல் வெறுப்பும் இல்லை. ஆனாலும் எழுந்து போனார். காரணம், தன் சொந்தக் கூட்டம் என்ன நினைக்குமோ என்ற பயம். பர்னபாவே அதில் இழுபட்டுப் போனார். இனவெறிக்குக் காரணம் அறியாமை, படிப்பு வந்தால் போய்விடும் என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. வெறுக்கிறவர்கள் எங்கேயும் கொஞ்சம் பேர்தான். நல்லவர்கள் தங்கள் ஆட்களுக்குப் பயப்படுவதால்தான் அந்தக் கொஞ்சம் பேரின் கை ஓங்குகிறது. பவுல் அதனால்தான் பேதுருவைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேசாமல், எல்லாருக்கும் முன்பாகவே கேட்டார். பந்தியைவிட்டு எழுந்தது எல்லாரும் பார்க்க நடந்தது, அப்போது அவமானப்பட்டு உட்கார்ந்திருந்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

பயத்துக்குக் கீழே இன்னொரு வேரும் இருக்கிறது, பணம். இதை எங்கள் ஊரை வைத்தே சொல்ல முடியும். நாசரேத்தில் சபையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் வளர்ந்தது எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தின் கீழ். அதற்காக நன்றியோடு ஜெபித்து வளர்ந்தவள் நான். அதே சங்கத்துக்கு 1710இல் பார்படோஸ் தீவில் கோட்ரிங்டன் என்ற கரும்புத் தோட்டம் உயில் வழியாக வந்தது, அதில் வேலை செய்த அடிமைகளோடு சேர்த்து. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அந்த மனிதர்களின் மார்பில் 'சொசைட்டி' என்று சங்கத்தின் பெயரையே பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டிருக்கிறார்கள். 1833இல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தபோது நஷ்டஈடு வாங்கிக்கொண்டவர்கள் உரிமையாளர்கள்தான், அடிமைகளுக்கு ஒரு பென்னி கிடையாது. 2006இல்தான் இங்கிலாந்து திருச்சபையின் பொதுப் பேரவை இதற்காக மன்னிப்புக் கேட்டது. இதைப் படித்த அன்று எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. முதலில் வந்தது கரும்புக்கான கூலியில்லா ஆள் தேவை. அதற்கு ஏற்ற வசனத்தைப் பிறகுதான் தேடினார்கள். காமின் சாபம் என்று கறுப்பின மக்கள்மேல் சுமத்தினார்களே, ஆதியாகமம் ஒன்பதைத் திறந்து பாருங்கள். சபிக்கப்பட்டது காம் அல்ல, அவன் மகன் கானான். சபித்ததும் தேவன் அல்ல, திராட்சரசம் தெளிந்து எழுந்த நோவா. தோலின் நிறம் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை. நிறம் பற்றிய பேச்சு வரும் இடம் எண்ணாகமம் பன்னிரண்டு. மோசே எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததற்காகப் பேசிய மிரியாமுக்குத்தான் அங்கே தோல் உறைந்த மழையைப்போல வெளுத்தது.

வெள்ளைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லி இதை முடித்தால் நான் நேர்மையாக இருக்க மாட்டேன். எங்கள் பக்கத்து வடக்கன்குளத்தில் ஒரே ஆலயத்துக்குள் இரண்டு சாதிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காண நடுவே சுவர் இருந்தது. 1910இல்தான் அதை இடித்தார்கள். இன்றைக்கும் தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்தைச் சுவர் வைத்துப் பிரித்திருக்கும் ஊர்கள் உண்டு. இங்கே இங்கிலாந்தில் மாதம் ஒருமுறை கூடும் தமிழ் ஐக்கியத்திலும், புதிதாக வருகிறவரிடம் "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்கும் கேள்வி எதற்கு என்று நமக்குத் தெரியும். என் கதையைக் கேட்டுக் கொதித்த ஒரு அண்ணன், அதே மூச்சில் தன் மகளுக்கு "நம்ம ஆளுகள்ல" மாப்பிள்ளை தேடுவதைப் பற்றிப் பேசினார். ஹேண்டோவர் அறையில் சிரித்தவர்களிடம் இருந்த அதே நோய்தான் இதுவும். எனக்கு அவரிடம் இரண்டுக்கும் வித்தியாசம் காட்டிப் பேச மனம் வரவில்லை, அங்கேயே சொன்னேன். கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார்.

சரி, நடந்ததுக்கு வருகிறேன். தமிழ் ஐக்கியத்து மூப்பர் ஒருவர், "விசா இருக்கு பாப்பா, பேசாம வேலையைப் பாரு. மத்தேயு 18இல் தனியே போய்ச் சொல்லுன்னுதானே இருக்கு" என்றார். அந்த அதிகாரம் அங்கே நிற்கவில்லை. தனியே சொல், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்று படிப்படியாகப் போகிறது. அப்போஸ்தலர் ஆறில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டபோது முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களை அதட்டவில்லை. ஏழு பேரை நியமிக்கச் சொன்னார்கள், அந்த ஏழு பேருமே கிரேக்கப் பெயர் கொண்டவர்கள். பிலிப்பி சிறையில் அடித்துவிட்டு ரகசியமாகப் போகச் சொன்னபோது பவுல், நாங்கள் ரோமர், அதிகாரிகளே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். சட்டத்தைக் கேட்பது விசுவாசக் குறைவு என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தப் பகுதிகளைத் திறந்து காட்டுங்கள். மன்னிப்பது வேறு, நடந்ததை மறைப்பது வேறு.

எனக்குப் பெரிய உதவியாக வந்தவர் ஆலயத்தில் இருந்த ஜமைக்கா வம்சாவளி மூதாட்டி. 1948இல் கரீபியன் தீவுகளிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த விண்ட்ரஷ் கப்பல் இங்கிலாந்தின் டில்பரி துறைமுகத்தில் வந்து சேர்ந்ததற்குப் பின் தொடர்ந்து வந்த ஆயிரக்கணக்கானோரில் அவருடைய பெற்றோரும் உண்டு. அம்மா நர்ஸ். வந்த முதல் ஞாயிறு தங்கள் சொந்த ஆங்கிலிக்கன் சபை என்று நினைத்து ஒரு ஆலயத்துக்குப் போயிருக்கிறார்கள். ஆராதனை முடிந்து வாசலில் குருவானவர் கைகுலுக்கி, வந்ததற்கு நன்றி, ஆனால் இனி வர வேண்டாம், சபையாருக்குச் சங்கடமாக இருக்கிறது என்றாராம். இப்படிப் பல குடும்பங்களுக்கு நடந்தது. இதற்காக 2020 பிப்ரவரியில் பொதுப் பேரவை மன்னிப்புக் கேட்டது, அன்றைய கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி தங்கள் திருச்சபை இன்னும் ஆழமாக நிறுவன அளவிலேயே இனவெறி கொண்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த மூதாட்டி எனக்கு வசனம் சொல்லவில்லை. "தேதிகள் எங்கே? யூனியனில் இருக்கிறாயா?" என்று கேட்டார்.

நான் யூனியனில் இல்லை. மாதச் சந்தா வீண் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். சங்கங்கள் பொதுவாக நீங்கள் சேருவதற்கு முன் நடந்த விவகாரத்தை எடுத்துக்கொள்வதில்லை. அதனால் வந்த முதல் மாதமே சேர்ந்துவிடுங்கள். விசாரணைக் கூட்டத்துக்குத் துணையாக ஒருவரை அழைத்துப் போகச் சட்டத்தில் உரிமை உண்டு, ஆனால் அது சக ஊழியர் அல்லது சங்கப் பிரதிநிதிக்குத்தான். குருவானவரையோ நண்பரையோ அனுமதிக்கும் கட்டாயம் முதலாளிக்கு இல்லை. மூதாட்டி வாசலில் காரில் உட்கார்ந்திருக்க, நான் தனியாக உள்ளே போனேன்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கெடு. இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்கீழ் வேலைத் தீர்ப்பாயத்துக்குப் போக, நான் போன காலத்தில் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவாகத்தான் நேரம். அதற்குள் ஏகாஸ் என்ற அமைப்பில் சமரசத்துக்குப் பதிவு செய்ய வேண்டும், அது இலவசம். இல்லத்துக்குள் கொடுத்த புகாருக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தால் கடிகாரம் நிற்காது. அவர்கள் "விசாரித்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு வரவேற்பறைச் சம்பவம் அப்படியே கெடு தாண்டிப்போனது. தொடர்ச்சியாக நடந்தவற்றை ஒரே நடத்தையாகக் காட்ட வழி உண்டு, ஆனால் அதை நிரூபிக்கும் சுமை நம்மேல். மருந்துச் சீட்டுக் கடிதம் கெடுவுக்குள் இருந்ததால்தான் என் வழக்குக்கு உயிர் இருந்தது. இந்தக் கால அளவை நீட்டும் மாற்றம் வருகிறது, அதனால் உங்கள் தேதிக்கு எது பொருந்தும் என்று ஏகாஸிலேயே நேராகக் கேளுங்கள்.

என்னைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் மின்னஞ்சல்கள், கோப்புகள் எல்லாவற்றின் நகலையும் தரச் சொல்லி எழுதிக் கேட்டேன். தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அது உங்கள் உரிமை, கட்டணம் இல்லை, சாதாரணமாக ஒரு மாதத்தில் தர வேண்டும். அதில் வந்த ரோட்டாவின் பழைய பிரதிதான், கையெழுத்து விடுபட்ட நேரத்தில் நான் பணியில் இல்லை என்று காட்டியது. வழக்கறிஞருக்கு என் கையிலிருந்து போனது ஏறத்தாழ 1,400 பவுண்டு. இழந்த சம்பளம் 3,000க்கு மேல். நகையில் ஒரு பகுதியை ஊரில் அடகு வைத்தோம். எல்லாம் செலவான பிறகு ஒரு தோழி சொன்னாள், வீட்டுப் பொருள் இன்சூரன்ஸ் பலவற்றில் சட்டச் செலவுக்கான பிரிவு இருக்கும், வேலைத் தகராறும் அதில் அடங்கும் என்று. உங்கள் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகமும் பணம் வாங்காமல் வழி சொல்லும்.

விசா விஷயத்தில் கோபத்தில் ராஜினாமா செய்துவிடாதீர்கள். வேலை போனால் உள்துறை அமைச்சகம் விசாவைக் குறைத்து, சாதாரணமாக 60 நாள்தான் தரும். விசாவுக்குப் பொறுப்பேற்கும் புதிய முதலாளியை, அதாவது ஸ்பான்சரைப் பிடித்து, புது விண்ணப்பம் ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகே கிளம்ப வேண்டும். நான் அந்த இல்லத்தின் முகத்தைப் பார்க்கவே முடியாத நிலையிலும் புது வேலை உறுதியாகும்வரை காலண்டரைப் பார்த்துக்கொண்டு நாளைத் தள்ளினேன். கடைசியில் ஒழுங்கு நடவடிக்கையைக் கைவிட்டார்கள், ஒரு தொகைக்குச் சமரசம் ஆனது. தொகையை வெளியே சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. பணத்தைவிட, அடுத்த முதலாளிக்கு என்ன வாசகத்தில் பரிந்துரைக் கடிதம் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லி வழக்கறிஞர் வற்புறுத்தியது எனக்கு வாழ்நாள் உதவி.

2024 ஆகஸ்டில், சவுத்போர்ட் ஊரில் சிறுமிகள் கொல்லப்பட்டதற்குப் பின் குடியேறிகளுக்கு எதிரான கலவரம் பரவியபோது நான் புதிய வேலையில் இருந்தேன். சண்டர்லாந்தில் அவசரப் பணிக்குப் போன பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள்மேல் கல்லெறிந்த செய்தி வந்த அன்று, எங்கள் ஆலயத்து ஆட்கள் முறைபோட்டு என்னை இரவுப் பணிக்குக் காரில் கொண்டுவிட்டார்கள். உண்மையான அன்பு அது, கண் கலங்கியது. காரில் போகும்போது ஒன்று தோன்றியது. தெருவில் கல்லெறியும் அந்நியனை எதிர்த்து நிற்க இவர்களுக்குப் பயமில்லை. ஓய்வறையில் கூட உட்கார்ந்து தேநீர் குடிக்கும் தோழியிடம் "அப்படிப் பேசாதே" என்று சொல்லத்தான் பயம். இயேசுவைப் பிடிக்க வந்தவர்கள்முன் பேதுருவும் கத்தியை உருவினவர்தான்.

சாட்சி சொல்ல மறுத்த அந்த அம்மா சென்ற கிறிஸ்துமஸுக்கு முன் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். மன்னித்துவிட்டேன், மனதில் எதுவும் இல்லை. ஆனால் அதே இல்லத்துக்குக் கேரளாவிலிருந்து ஒரு சின்னப் பெண் நர்ஸாக வந்திருக்கிறாள், அவளுக்கும் இரவுப் பணியே கொடுக்கிறார்கள் என்று அவரே சொன்னார். "எனக்காக எழுதியிருக்க வேண்டியதை இப்போது அவளுக்காக மேனேஜருக்கு எழுதுங்கள், நகலை அவளிடம் கொடுங்கள்" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் எழுதவில்லை. இந்த ஞாயிறு மறுபடி கேட்பேன்.